சந்தனத்தை மருந்து என்று எழுதினார்கள்

இதை எழுத உட்காருவதும், நாலு வரி போட்டதும் தாளைக் கிழித்து அடுப்பில் போடுவதுமாகவே பல வருஷங்களை ஓட்டிவிட்டேன். எழுதிப் பழக்கமில்லை என்பது ஒரு காரணம். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுத் தறிக்குழியில் கால் வைத்தவன் நான். ஆனால் அது சின்னக் காரணம். பெரிய காரணம் என் மனைவி. ஊரே பார்த்துப் பேசித் தீர்த்த அவள் தலையை நானும் ஒருமுறை எடுத்து வெளியே வைக்க வேண்டுமா என்று கை கூசியது. போன கிருத்திகையன்று அவளிடமே கேட்டேன். ராட்டையை நிறுத்தாமலே, "எழுதுங்க. ஆனா என் மொட்டைய வெச்சி நீங்களும் ஒரு கதை கட்டாதீங்க" என்றாள்.

கட்டவில்லை. முருகன்மேல் ஆணையாக, நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

நாங்கள் இருப்பது முசரவாக்கத்தில். பெரிய காஞ்சிபுரத்து முதலாளி ஒருவரிடம் பட்டும் ஜரிகையும் வாங்கிவந்து வீட்டுத் தறியில் புடவை நெய்து கொடுப்பது பிழைப்பு. தறியில் நான், ராட்டையில் அவள். நூல் சுற்றுவது, அறுந்த இழையை முடிவது, நீளவாட்டு நூலான பாவு தீர்ந்தால் புதுப்பாவைப் பழையதோடு பிணைப்பது எல்லாம் அவள் கை. கிராமங்களுக்கெல்லாம் ஒரு கம்ப்யூட்டர் வந்து இறங்கிக்கொண்டிருந்த காலம் அது. செல்போன் இன்னும் எல்லார் சட்டைப் பையிலும் ஏறவில்லை.

அவளுக்கு இடுப்பு வரைக்கும் முடி. அது கொட்ட ஆரம்பித்தது. சாதாரணமாக எல்லாப் பெண்களுக்கும் சீப்பில் வருகிற மாதிரி அல்ல. உச்சியில் ஒரு இடம், காதுக்குப் பின்னால் ஒரு இடம், எட்டணாக் காசு அகலத்துக்கு வழவழவென்று வட்டமாக. புழுவெட்டு என்றார்கள். அவளுடைய அக்கா வந்து சின்ன வெங்காயத்தை வைத்துத் தேய்த்தாள். ஆற்றுத்தும்மட்டிக் காயை அறுத்துத் தேய்த்தாள். தோல் வெந்து நீர் கோத்ததே தவிர முடி வரவில்லை. வட்டம் பெரிதாகிக்கொண்டே போயிற்று.

உதிர்ந்த முடி எங்களுக்குத் தீட்டு மாதிரி. சாப்பாட்டில் ஒன்று கிடந்தால் அந்த வேளை சாப்பாடே போயிற்று. சஷ்டிக்கு அவள் செய்த சர்க்கரைப் பொங்கலைச் சாமிக்கு வைக்கும்போது நெய்யில் ஒரு முடி மினுங்கியது. அப்படியே இலையோடு எடுத்துக்கொண்டுபோய் மாட்டுக்கு வைத்துவிட்டு வந்தாள். அன்றிலிருந்து சாமிக்குப் படைப்பதை அவள் சமைக்கவில்லை.

அடுத்த அடி பட்டில் விழுந்தது. கூரைப்புடவை ஒன்று முடித்துக் கொண்டுபோய்ப் போட்டேன். முதலாளி வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தவர், நகத்தால் எதையோ கிள்ளி இழுத்தார். இழுக்க இழுக்க வந்தது. குறுக்கு நூலான ஊடையோடு ஊடையாக நெய்து போயிருந்த ஒரு நீள முடி. செத்த பல்லியை எடுத்த மாதிரி அதை முகத்துக்கு எட்டத்தில் பிடித்துக்கொண்டு, "கல்யாணப் பொண்ணு கட்டற துணிபா இது. உன் வீட்டம்மாவ ராட்டையில உக்கார வெக்காத" என்றார்.

நான் அதை வீட்டில் சொல்லவில்லை. புடவை திரும்பி வந்ததைப் பார்த்து அவளே தெரிந்துகொண்டாள். தலையில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு ராட்டையை எட்ட நின்று பார்த்தாள். அன்று சாயங்காலம் விளக்கு வைத்துவிட்டு, படத்தைப் பார்த்து, பக்கத்து வீட்டுக்காரரோடு பேசுகிற குரலில் ஒரு வேண்டுதல் வைத்தாள். "மிச்சம் இருக்கறதயும் நீயே எடுத்துக்கோ முருகா. வர்றத முழுசா குடு." ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணியில் முடி இறக்குவதென்று முடிவாயிற்று.

இதற்கு நடுவில்தான் டாக்டர். எங்கள் ஊர்ப் பால் சொசைட்டிக்கு எதிரே ஒரு கம்ப்யூட்டர் சென்டர் திறந்திருந்தார்கள். அதை நடத்தியவர் பக்கத்து ஊர்க்காரர். ஜாதகம் பிரின்ட் எடுப்பார், பாஸ்போர்ட் சைஸ் படம் எடுப்பார், பிள்ளைகளின் பரீட்சை ரிசல்ட் பார்த்துச் சொல்வார். வியாழக்கிழமை சாயங்காலம் அதே கம்ப்யூட்டரில் சென்னையிலிருந்து ஒரு தோல் டாக்டரம்மா வருவார். நாம் இங்கே உட்கார்ந்து பேசினால் அவர் அங்கே உட்கார்ந்து கேட்பார். டவுனுக்குப் போய் ஆண் டாக்டர் முன்னால், முதலாளி வீட்டு ஆட்கள் வந்துபோகிற இடத்தில், தலைத்துணியை அவிழ்க்க என் மனைவிக்கு மனமில்லை. பெண் டாக்டர், அதுவும் பெட்டிக்குள் என்றதும் சம்மதித்தாள்.

எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு கேமரா. அதன் முன்னால் அவள் குனிந்து உட்கார, சென்டர்காரர் ஒயரை இழுத்துத் தலைக்கு மேலே பிடித்துக் காட்டினார். டாக்டரம்மாவின் முகம் கட்டம் கட்டமாக உடைந்து உடைந்து சேர்ந்தது. உதடு அசைந்து முடித்த பிறகு குரல் வந்தது. ஆனாலும் அந்த அம்மா பொறுமையானவர். பூச்சி எதுவும் கடிக்கவில்லை, நம் உடம்பே நம் முடியை வெளியாள் என்று நினைத்து அடிக்கிறது என்று விளக்கினார். ரத்தம் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். வழுக்கை விழுந்த இடத்தில் மட்டும் தடவ ஒரு தண்ணி மருந்து எழுதினார். கடைசியில் சொன்னதை நான் மறக்கவில்லை. "நெறைய பேருக்குத் தானாவே வந்துடும்மா. மருந்து போட்டா கொஞ்சம் சீக்கிரம் வரலாம். உறுதியா சொல்ல மாட்டேன்."

உறுதி சொல்லாத டாக்டரை அன்றுதான் பார்த்தேன். எனக்கு அவர்மேல் மரியாதை வந்தது. இன்றைக்கும் இருக்கிறது.

சீட்டு பிரின்டரில் வந்தது. சென்டர்காரர், பைலுக்கு வேண்டும் என்று தலையைப் படம் எடுத்துக்கொண்டார். டவுனில் மருந்து வாங்கினோம். சாராய வாடை அடிக்கும். காலையும் ராத்திரியும் பஞ்சில் தொட்டு நான்தான் தடவிவிடுவேன்.

ஆடிக் கிருத்திகை வந்தது. திருத்தணியில் காவடிக் கூட்டத்துக்கு நடுவில் அவள் முடி இறங்கியது. தலையில் தண்ணீர் ஊற்றிச் சந்தனம் பூசினேன். கண்ணை மூடிக்கொண்டு நின்றவள், "தல லேசா இருக்குதுங்க" என்றாள். இத்தனை மாதத்தில் அவள் முகம் அப்படித் தெளிந்து நான் பார்க்கவில்லை. வாங்கிவந்த சந்தனத்தை வீட்டில் தினமும் குழைத்துப் பூசிக்கொண்டாள்.

டாக்டரம்மா மறுபடி வரச்சொன்ன வியாழக்கிழமையும் அந்தச் சந்தனத்தோடுதான் போனாள். பெட்டிக்குள்ளிருந்த அம்மா முதலில் திகைத்தார். திருத்தணி என்று சொன்னதும் சிரித்தார். "சாமிக்கு குடுத்துட்டீங்களா, நல்லது. இப்ப வழுக்கை எங்கன்னு எனக்குத் தெளிவா தெரியுது. மருந்து போடறப்ப மட்டும் சந்தனத்தைக் கழுவிடுங்க." இதைச் சொன்னபோது சென்டர்காரர் ஒயரைப் பிடித்துக்கொண்டு எங்கள் பக்கத்திலேயே நின்றிருந்தார். இதை வாசிக்கிறவர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். அன்றும் ஒரு படம் எடுத்தார்.

தை மாதத்துக்குள் தலை முழுக்கக் கருகருவென்று வந்துவிட்டது. வட்டங்கள் இருந்த இடத்திலும் முதலில் பூனை மயிர் மாதிரி வெளுப்பாக முளைத்து, பிறகு கறுத்தது. மருந்தால் வந்ததா, தானாக வந்ததா, முருகன் கொடுத்தானா என்று என்னைக் கேட்டால் நான் கும்பிடுகிற திசையைத்தான் காட்டுவேன். அது என் நம்பிக்கை. டாக்டரம்மாவும் சந்தோஷப்பட்டு மருந்தை நிறுத்தச் சொன்னார். சென்டர்காரர் மூன்றாவது படம் எடுத்தார். என் மனைவி தலைத்துணியை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டு ராட்டையில் உட்கார்ந்தாள். அடுத்த சஷ்டிப் பொங்கலை அவளே செய்தாள்.

பங்குனியில் ஒருநாள் குமரகோட்டத்துக்குப் போயிருந்தோம். பிரகாரத்தில் ஒரு அம்மாள் என் மனைவியையே உற்றுப் பார்த்துக்கொண்டு சுற்றிவந்தார். கடைசியில் கிட்டே வந்து கேட்டார்.

"நீதானேம்மா அந்த பஸ் ஸ்டாண்டு மொட்டை?"

எங்களுக்குப் புரியவில்லை. அந்த அம்மாள் விடவில்லை. "அதாம்மா, கக்கூஸ் பக்கத்துல கட்டிக்கீறாங்களே. கண்ணுல கறுப்பு ஒட்டியிருந்தா இன்னா, மூக்குத்தி தெரியுதே, ஒதட்டு மச்சம் தெரியுதே."

நேராக பஸ் ஸ்டாண்டுக்குப் போனோம். கட்டணக் கழிப்பிடத்துச் சுவரில் ஒரு பிளக்ஸ் பேனர். இடது பக்கம் என் மனைவியின் மொட்டைத் தலை, சந்தனத்தோடு. வலது பக்கம் முடி வளர்ந்த தலை. இரண்டிலும் திருடனுக்கு ஒட்டுகிற மாதிரி கண்மேல் கறுப்புப் பட்டை. இடது படத்துக்குக் கீழே "சிகிச்சை தொடக்கம், மருந்து பூசிய நிலையில்" என்று எழுதியிருந்தது. வலது படத்துக்குக் கீழே "ஆறே மாதத்தில்". மேலே வளைத்து, சென்னை டாக்டர் உங்கள் ஊரிலேயே என்று பெரிய எழுத்து, அடியில் சென்டரின் முகவரி.

சுவரின் அடியில் மூத்திரம் வழிந்து வாய்க்காலாக ஓடியது. எவனோ வெற்றிலை போட்டுத் துப்பியது அவள் தோள்வரை தெறித்துக் காய்ந்திருந்தது. திருத்தணியில் என் கையால் பூசிய சந்தனம், அந்த நாற்றத்தில், மருந்து என்ற பெயரோடு தொங்கியது. எனக்குக் குமட்டியது. பேச்சுக்குச் சொல்லவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நிஜமாகவே வாந்தி எடுத்தேன். அவள் எடுக்கவில்லை. அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றாள்.

மறுநாளிலிருந்து ஆட்கள் வீட்டுக்கே வர ஆரம்பித்தார்கள். ஓரிக்கைப் பக்கத்திலிருந்து ஒரு தாயும் மகளும், உத்திரமேரூரிலிருந்து ஒரு வாத்தியார். பேனரைப் பார்த்தவர்கள் சென்டரில் விசாரித்தார்களாம், சென்டர்காரர் எங்கள் தெருவைக் காட்டினாராம். வந்தவர்களை நான் குறை சொல்ல மாட்டேன், அவர்கள் கஷ்டம் அவர்களுக்கு. ஆனால் ஒரு பெண்மணி, "ஒரிஜினலான்னு பாத்துக்கறேன்மா" என்று சொல்லிக்கொண்டே என் மனைவியின் முடியைக் கொத்தாகப் பிடித்து இழுத்துப் பார்த்தார். சந்தையில் மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்ப்பதுபோல. இன்னொருவர் முகர்ந்து பார்த்தார். என் மனைவியின் அக்கா பெருமையாகப் பக்கத்தில் நின்றுகொண்டு, "எங்க வூட்டுப் பொண்ணு போட்டோதான் டவுன் பூரா" என்று வந்தவர்களுக்கு மோர் கொடுத்தாள். அந்த மோர் டம்ளரைப் பிடுங்கி எறியலாம்போல இருந்தது.

வியாழக்கிழமை இரண்டு பேரும் சென்டருக்குப் போனோம். சென்டர்காரர் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். டீ சொல்லட்டுமா என்றார். பேனரைப் பற்றிக் கேட்டதும் முகம்கூட மாறவில்லை.

"கண்ண மறைச்சிட்டேனேண்ணா. குணமாச்சுன்னுதானே போட்டேன்? உங்களுக்கும் நல்ல பேருதானே."

என் மனைவி சொன்னாள்: "அது மருந்து இல்ல, சந்தனம். டாக்டரம்மா சொன்னப்ப நீயும் பக்கத்துலதானே நின்னுகினு இருந்தே."

"படத்துல பாக்கறவனுக்கு ரெண்டும் ஒண்ணுதாங்கா."

"மொதமொத வந்தப்ப எடுத்தியே, அந்தப் படத்தப் போடறதுதானே?"

அவர் கொஞ்சம்கூடக் கூசாமல் சொன்னார். "அதுல வழுக்கை சின்னதா இருக்குதுக்கா. தூரத்துலேர்ந்து பாத்தா எடுபடல."

அவள் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். "என் சீக்கு உனக்குப் பத்தல. அதுக்கு சாமிக்குக் குடுத்தத எடுத்துக்கினியா?"

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் வாயில் எச்சில் ஊறுகிறது, துப்ப வேண்டும்போல. ஒரு வருஷத்துக்கு மருந்து சும்மாவே தருகிறேன் என்று ஒரு அட்டைப் பெட்டியை என் கையில் திணிக்க வந்தார். டாக்டர் எழுதிய கடை மருந்தல்ல அது. பெயர் அச்சடித்து அவரே விற்க ஆரம்பித்திருந்த ஏதோ தைலம். என் கை தானாகப் பின்னால் போய்விட்டது.

என் மனைவி சண்டை போடவில்லை. மற்ற நோயாளிகளோடு வரிசையில் உட்கார்ந்தாள். முறை வந்ததும் கேமராவுக்கு முன்னால் போய், எல்லாவற்றையும் நிதானமாகச் சொன்னாள். மொட்டை யாருக்குக் கொடுத்தது, பூசியிருந்தது என்ன, பேனரில் எழுதியிருப்பது என்ன, அது கட்டியிருக்கும் இடம் எது. டாக்டரம்மாவின் முகம் வாய் பாதி திறந்தபடி அப்படியே நின்றுவிட்டது. லைன்தான் நின்றதோ, அவர்தான் நின்றாரோ தெரியாது. பிறகு குரல் வந்தது. "நான் வெக்கச் சொல்லலம்மா. எனக்கு இது தெரியவே தெரியாது. நான் இப்பவே..."

திரை கறுத்தது. லைன் போயிடுச்சு என்றார் சென்டர்காரர். அவர் கை கம்ப்யூட்டருக்குப் பின்னால் இருந்ததை நான் பார்த்தேன். வரிசையில் இருந்தவர்களும் பார்த்தார்கள். அடுத்த வியாழக்கிழமையிலிருந்து பெட்டிக்குள் வேறொரு ஆண் டாக்டர் வந்தார் என்று கேள்விப்பட்டோம். அந்த அம்மாவாகவே விலகினாரா, விலக்கினார்களா என்று எங்களுக்குக் கடைசிவரை தெரியவில்லை.

போலீசுக்குப் போகலாம் என்று சொன்னேன். அவள் கேட்கவில்லை. வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று, கழுத்துவரை வளர்ந்திருந்த முடியைக் கையால் அளைந்து பார்த்தாள்.

"இதுமேல கண்டவங்க கைய வெச்சிட்டாங்க. இது எனக்கு வாணாம். அவருக்கே குடுத்துட்டு வந்துடறேன்."

"வேண்டுதலா, வீம்பா?" என்று கேட்டேன்.

"ரெண்டும்தான்" என்றாள்.

அவளுடைய அக்கா அழுதாள். உடம்பில் இருக்கிற அழகை எடுத்து வீசுகிறாயே என்றாள். என் மனைவி காதில் வாங்கவில்லை. திருத்தணிக்குப் போனோம். அன்று விசேஷ நாள் இல்லை, கூட்டமும் இல்லை. இரண்டாம் தடவை முடி இறங்கியது. மறுபடி சந்தனம் பூசினேன். இந்தத் தடவை அவள் கண்ணை மூடவில்லை. சுற்றுமுற்றும் யாராவது கேமராவோடு நிற்கிறார்களா என்று பார்த்துக்கொண்டே இருந்தாள். சாமிக்கு முடி கொடுக்கிற இடத்தில் ஒரு பெண்ணை அப்படித் திரும்பித் திரும்பிப் பார்க்க வைத்துவிட்டார்களே என்பதுதான் எனக்கு ஆறாதது.

ஊருக்கு வந்ததும் அவள் தலையை மூடவில்லை. காய்கறிக்கு, கோயிலுக்கு, பட்டுக் கொடுக்க என்னோடு முதலாளி கடைக்கு, எங்கேயும் மொட்டையோடேயே போனாள். பஸ் ஸ்டாண்டு வழியாகவும் போனாள். பேனரையும் அவளையும் மாற்றி மாற்றிப் பார்த்தவர்கள் குழம்பினார்கள். வீட்டுக்கு ஆள் வருவது நின்றது. சென்டரில் கூட்டம் குறைந்தது. முருகன் கணக்கு தீர்த்துவிட்டான் என்று நான் மனசுக்குள் சிரித்துக்கொண்டேன்.

ரொம்ப நாள் சிரிக்க முடியவில்லை. அந்தப் பேனரிலேயே கீழே ஒரு புதுத் துண்டு ஒட்டப்பட்டது: "மருந்தைப் பாதியில் நிறுத்தாதீர்கள்." கேட்பவர்களுக்கெல்லாம் சென்டர்காரர், அந்தம்மா தைலத்தை விட்டுட்டாங்க, அதான் மறுபடி எல்லாம் கொட்டிப்போச்சு என்று இரக்கமாகச் சொன்னாராம். முன்னைவிடக் கூட்டம் வந்தது. அவளுடைய முதல் மொட்டையையும் விற்றார்கள், இரண்டாவது மொட்டையையும் விற்றார்கள். அழுகின புண்ணைச் சுற்றிக்கொண்டே இருக்கும் ஈயை எத்தனை தடவை விரட்டுவது?

ஊர் வாய் இன்னொரு பக்கம். நான் செத்துப்போனதால் மொட்டை என்று டவுனில் ஒரு பேச்சு. என்னையே பார்த்து ஒருவர் திடுக்கிட்டார். அவளுக்குப் புற்றுநோய் என்று ஒரு பேச்சு. பேனருக்காகக் காசு வாங்கிக்கொண்டுதான் மொட்டை அடித்தாள் என்று இன்னொரு பேச்சு. ஒரு முடியை விரல் நுனியில் பிடித்து அருவருத்த அதே முதலாளியே என்னிடம் கேட்டார், எவ்வளவு குடுத்தாங்கபா என்று. ஒரு வாயிலிருந்து இன்னொரு வாய்க்குப் போகும்போது ஒவ்வொருவரும் தங்களுக்கு வேண்டியதைச் சேர்த்துக்கொண்டார்கள். சந்தனமும் திருத்தணியும் மட்டும் எந்தக் கதையிலும் இல்லை.

பேனர் எப்படிப் போயிற்று என்றால், தேர்தல் வந்தது, கட்சிக்காரர்கள் அதன்மேலேயே தங்கள் பேனரைக் கட்டினார்கள். அவ்வளவுதான். யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. சென்டர் பிறகு செல்போன் கடையாகிவிட்டது.

முடி மறுபடி வந்தது, எந்த மருந்தும் இல்லாமல். காதுக்குப் பின்னால் மட்டும் ஒரு சின்ன வட்டம் சில வருஷம் கழித்துத் திரும்ப விழுந்து, இன்னும் இருக்கிறது. அதையும் சொல்லிவிட வேண்டும். முழுக்கக் குணமாயிற்று என்று எழுதினால் நானும் ஒரு பேனர் கட்டினவனாவேன். அவள் அந்த வட்டத்தைக் காட்டி வருத்தப்படுவதில்லை. வேறு டாக்டரிடம் போகலாமா என்றால், போலாம் போலாம் என்று சொல்லிவிட்டு ராட்டைக்குப் போய்விடுவாள்.

எழுதி முடித்து அவளுக்கு வாசித்துக் காட்டினேன். முதலில் நான் அவள் முடி முழங்கால் வரைக்கும் என்று எழுதியிருந்தேன். "இடுப்பு வரைக்கும்தாங்க" என்று நிறுத்தினாள். அடித்துத் திருத்தினேன். மற்றதற்கெல்லாம் தலையை ஆட்டினாள்.

இதை யாருக்காவது சொல்ல நினைத்தால் தாராளமாகச் சொல்லுங்கள். சொல்ல வேண்டும் என்றுதான் எழுதினேன். ஆனால் இருக்கிறபடியே சொல்லுங்கள். டாக்டரம்மாவைக் கெட்டவர் ஆக்காதீர்கள், என் மனைவியைத் தெய்வப் பெண் ஆக்காதீர்கள், முருகன் நேரில் வந்தான் என்று சேர்க்காதீர்கள். இடுப்பு வரைக்கும் என்றால் இடுப்பு வரைக்கும். சந்தனம் என்றால் சந்தனம்.